கத்தி செய்யலாம், தகடு எங்கே? தொழிற்சாலை வெட்டுக்கத்திகளுக்கான மெல்லிய எஃகு பற்றி ஒரு விளக்கம்

பத்து காஜா – தோட்டத்தில் வாழ்ந்து வெளியேறிய குடும்பங்களின் வீட்டில், பின்கட்டு அலமாரியிலோ கோழிக்கூண்டின் மேலோ, ஒரு பால்வெட்டும் கத்தி இன்னமும் கிடக்கும். தீட்டித் தீட்டி அலகு பாதியாகியிருக்கும். மரப்பட்டையை ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் சீவி எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் வளரும் திசு காயப்பட்டு மரம் முண்டு கட்டிவிடும். கங்காணியின் ஏச்சு தனி. அதனால்தான் பெரட்டுக்குப் போவதற்கு முன்பே கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டார்கள். மலேசியத் தோட்டங்களில் புழங்கிய இந்தக் கத்திக்கு ஜெபோங் என்று பெயர். கேரளத்திலும் இலங்கையிலும் மிச்சி-கோலெட்ஜ் என்ற வேறொரு வகை.

கத்தி நல்லதா, மட்டமா என்று சொல்ல நம் பாட்டிமார்களுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. எத்தனை மரத்துக்கு ஒரு தடவை கல்லைத் தேட வேண்டியிருக்கிறது என்பதே சோதனை.

இன்று கிந்தா வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் குறைந்து தொழிற்பேட்டைகள் பெருகிவிட்டன. ஆனால் வெட்டும் வேலை குறையவில்லை. பிளாஸ்டிக் படலம், அட்டைப்பெட்டி, ஸ்பாஞ்சு, ரப்பர் கட்டி, மிக்சர் பொட்டலம் எல்லாவற்றையும் ஓர் இயந்திரம் எங்கோ வெட்டிக்கொண்டிருக்கிறது. அதில் மாட்டியிருக்கும் கத்தி தேயும், மழுங்கும், மாற்ற வேண்டும். ஆகவே இது ஒருமுறை விற்றுவிட்டு முடியும் சரக்கு அல்ல. திரும்பத் திரும்ப ஆர்டர் வரும் சரக்கு.

கியாட்மாராவிலும் ஐ.எல்.பி.யிலும் இயந்திரப் பயிற்சி முடித்து, சொந்தமாகப் பட்டறை போட நினைக்கும் நம் இளைஞர்களுக்கு இந்தத் தொழில் கண்ணில் படுவது இயல்பு. தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன்போல ஏதாவது ஒன்றில் முதல் திரட்டி, கிரைண்டிங் இயந்திரம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். "தகடு வாங்கி, வெட்டி, தீட்டினால் கத்தி, இதில் என்ன இருக்கிறது?" என்று தோன்றும். இடறல் அந்த முதல் சொல்லிலேயே இருக்கிறது. இயந்திரத்தைத் தவணையில் வாங்கலாம், தொழிலைப் பழகிக்கொள்ளலாம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சரியான எஃகுத் தகட்டை, நமக்கு வேண்டிய சிறிய அளவில் வாங்குவதுதான் சிரமம். தவறான தகடு வாங்கினால் கடன் பணம் துருப்பிடித்து மூலையில் கிடக்கும்.

அப்பளம்போல் நெளியும் எஃகு

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண இரும்புத் தகட்டில் கரிமம் மிகக் குறைவு, பெரும்பாலும் 0.2 விழுக்காட்டுக்கும் கீழே. அதை எவ்வளவு காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் வெட்டும் முனை நிற்காது. கத்திக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1 விழுக்காடு வரை கரிமம் வேண்டும். அப்படிப்பட்ட எஃகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, சட்டென்று எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும். கண்ணாடிபோல் உடையவும் செய்யும். பிறகு மீண்டும் 200 டிகிரி அளவுக்கு இளஞ்சூட்டில் வைத்துப் பதம் இறக்க வேண்டும். கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்கு நடப்பதும் இதுதான், பெரிய ஆலையில் நடப்பதும் இதுதான்.

வேறுபாடு தடிமனில் இருக்கிறது. பாராங் கத்தி ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும். உலையிலிருந்து எடுத்து எண்ணெய்க்குக் கொண்டுபோகும் இரண்டு மூன்று விநாடியில் அதன் சூடு பெரிதாக இறங்காது. அரை மில்லிமீட்டர் தகடோ வெளியே எடுத்த உடனே காற்றிலேயே ஆறத் தொடங்கிவிடும். எண்ணெயில் போட்டாலும் ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்திச் சுருங்கி, பொரித்த அப்பளம்போல் நெளிந்து வரும்.

இன்னொரு தொல்லை, சூட்டில் எஃகின் மேல்தோல் கரிமத்தை இழப்பது. பாராங்கில் இரு பக்கமும் 0.1 மி.மீ. இழந்தால் யாருக்கும் தெரியாது; தீட்டும்போது போய்விடும். 0.5 மி.மீ. தகட்டில் அதே இழப்பு மொத்தத் தடிமனில் 40 விழுக்காடு. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே கத்தி இருக்காது.

இந்தச் சிரமம் பழையது. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு, மழுங்கினால் தூக்கிப் போடும் சவர பிளேடு யோசனை 1895-இல் வந்தது. மெல்லிய தகட்டைக் கடினப்படுத்தித் தீட்ட முடியாது என்றே எஃகுத் தொழில் அறிந்தவர்கள் அவரிடம் சொன்னார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர், நெளியாமல் கடினப்படுத்தும் முறையையும் தீட்டும் இயந்திரங்களையும் உருவாக்கிய பிறகே தொழில் நகர்ந்தது. 1903-இல், விற்பனை தொடங்கிய முதல் ஆண்டில், அவர்கள் விற்றது 51 சவரக் கருவியும் 168 பிளேடும்தான். யோசனை தோன்றி எட்டு ஆண்டுகள் போனதில் பெரும்பங்கு அந்த மெல்லிய தகட்டோடு நடந்த மல்லுக்கட்டு.

எந்த எஃகு, எந்த வேலைக்கு

கடைக்காரரிடம் "கத்தி எஃகு வேண்டும்" என்றால் அவர் என்ன கொடுத்தாலும் அது கத்தி எஃகாகத்தான் இருக்கும். தரப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் ஜப்பானியப் பெயர்களும் ஐரோப்பியப் பெயர்களும் கலந்து புழங்குகின்றன. எஸ்கே5 என்பது சுமார் 0.8 முதல் 0.9 விழுக்காடு கரிமம் உள்ள எளிய எஃகு. இன்றைய ஜப்பானியத் தரநூலில் எஸ்கே85. மேசையில் கிடக்கும் கட்டர் கத்தியின் பிளேடு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. ஐரோப்பியர்களின் சி75எஸ் இதற்கு உறவு; கரிமம் 0.75 அளவில். விலை குறைவு, முனை கூர்மையாக ஏறும், ஆனால் துருப்பிடிக்கும். அட்டை, காகிதம், பிளாஸ்டிக் படலம் வெட்ட இது போதும்.

உணவுப் பொட்டலத் தொழிற்சாலையில் தண்ணீரும் உப்பும் படும் இடத்தில் துரு ஆகாது. அங்கே சுமார் 13 விழுக்காடு குரோமியம் கலந்த, கடினப்படுத்தக்கூடிய துருப்பிடிக்காத எஃகு வேண்டும். சுவீடனில் சவர பிளேடுக்கென்றே உருவான ஏஇபி-எல் இந்த இனம்.

அடுத்தது டி2, ஜப்பானியப் பெயர் எஸ்கேடி11. கரிமம் 1.5 விழுக்காட்டை ஒட்டி, குரோமியம் 12. தேய்மானம் தாங்குவதில் பெரிய ஆள். பிளாஸ்டிக் கழிவை நொறுக்கும் இயந்திரத்தின் தடித்த கத்திக்கு இதைத்தான் பலர் கேட்பார்கள். பெயர் வாங்கிய எஃகு என்பதால் மெல்லிய கத்திக்கும் இதையே கேட்பது நம் பட்டறைகளில் காணும் பிழை. டி2-இன் உள்ளே கார்பைடு என்னும் கடின மணிகள் பெரிது பெரிதாக இருக்கும். முறுக்கு மாவில் நொய்யரிசி கிடந்தால் அச்சில் என்ன ஆகும்? அதேபோல் மெல்லிய முனையில் அந்த மணி பெயர்ந்து பல் விழும். ஏஇபி-எல்லில் மணிகள் மிக நுண்மை. சவர பிளேடுக்கு அது தோதானதன் காரணமும் அதுதான்.

இந்த இடத்தில் இரண்டு பழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, லோரி ஸ்பிரிங் பட்டை. பழைய பட்டையை வாங்கி அடித்துப் பாராங்கும் மண்வெட்டியும் செய்வது பேராக்கில் பரவலான வழக்கம், நல்ல வழக்கமும்கூட. பெரும்பாலும் 0.6 விழுக்காட்டை ஒட்டிய கரிமமும் கொஞ்சம் குரோமியமும் உள்ள எஃகு அது, அடி தாங்கும். ஆனால் பல ஆண்டு பாரம் சுமந்து ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். எந்த ஆலை, எந்த வார்ப்பு என்பதும் தெரியாது. பாராங்குக்குப் பரவாயில்லை. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை இயங்கும் இயந்திரத்தில் மாட்டும் கத்திக்கு அது கூடாது. உடைந்த துண்டு பறந்தால் முதலில் அடிபடுவது இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி, பல நேரம் நம் வீட்டுப் பெண்பிள்ளை.

மற்றொன்று, சில்வர் தகட்டை நம்புவது. கடையில் 'ஸ்டேன்லெஸ்' என்று மெல்லியதாக, பளபளப்பாகக் கிடைப்பது பெரும்பாலும் 304 வகை. சமையல் பாத்திரத்துக்கும் நீர்த்தொட்டிக்கும் உகந்தது. காய்ச்சித் தோய்ப்பதால் அது கடினமாகாது. எத்தனை தடவை உலையில் வைத்தாலும் ஆகாது. காந்தம் வைத்துப் பார்த்தால் 304 பொதுவாக ஒட்டாது, அல்லது லேசாக ஒட்டும். கத்திக்கான துருப்பிடிக்காத எஃகு நன்றாகவே ஒட்டும். ஐந்து வெள்ளி காந்தம் சில ஆயிரம் வெள்ளியைக் காப்பாற்றும்.

தோண்டியது இங்கே, வாங்குவது அங்கே

இந்தத் தகடு எங்கிருந்து வருகிறது? சுவீடனின் முங்க்ஃபோர்ஸ், சாண்ட்விக்கன், ஜெர்மனியின் ஹாகன், ஜப்பானின் யாசுகி. இவையெல்லாம் சிறிய ஊர்கள் அல்லது நடுத்தர நகரங்கள், பல தலைமுறையாக எஃகோடு வாழ்பவை. யாசுகி ஆலையை நடத்திய ஹிட்டாச்சி மெட்டல்ஸ் 2023-இல் புரோடீரியல் என்று பெயர் மாறியது. சாண்ட்விக்கனின் எஃகுப் பிரிவு 2022-இல் அலைமா என்ற தனி நிறுவனமானது. பழைய பெயரைச் சொல்லித் தேடினால் விற்பவரைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். சீனாவும் இந்தியாவும் இதே வகைத் தகடுகளை மலிவாகத் தருகின்றன. தரம் ஆலைக்கு ஆலை வேறுபடும்.

மலேசியாவில் எஃகு ஆலைகள் உண்டு. 1967-இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா ஆலையின் கதை தோட்டத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஜப்பானின் யாவாத்தா நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்த அந்த ஆலையின் உலைக்கு நிலக்கரிக்குப் பதிலாக ரப்பர் மரத்தின் அடுப்புக்கரியைப் பயன்படுத்தினார்கள். மறுநடவுக்காகச் சாய்த்த, பால் வற்றிய மரங்கள் கரியாகி இரும்பை உருக்கின. ஆனால் அங்கே வார்த்தது கட்டுமானக் கம்பி போன்றவை. கத்தித் தகடு அல்ல. பின்னாளில் பந்திங்கில் தகட்டுச் சுருள் தயாரித்த மெகாஸ்டீல் ஆலையும் 2016-இல் உற்பத்தியை நிறுத்தியது. கத்திக்கான உயர் கரிம மெல்லிய தகட்டுக்கு நாம் இன்றும் கப்பலைத்தான் எதிர்பார்க்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், கத்தியைக் கடினமாக்கும் ஒரு தாதுவை உலகத்துக்குக் கொடுத்த ஊர் பத்து காஜாவிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. நம் வட்டாரம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு கெல்லீஸ் காசலும், தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும் 1938-ஆம் ஆண்டு ஈயக் கப்பலும்தான் நினைவுக்கு வரும். சிம்பாங் பூலாய்ப் பக்கம் கிராமாட் பூலாயில் 1930களில் ஷீலைட் என்ற தாதுவைத் தோண்டினார்கள். அதிலிருந்து எடுப்பது டங்ஸ்டன். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், ஒயிட் என்ற இரு அமெரிக்கர்களின் புதிய எஃகு, சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவிக் காட்டி வியக்க வைத்தது. அதிலிருந்து வளர்ந்த 'ஹை ஸ்பீடு' எஃகின் பழைய வகையில் 18 விழுக்காடு டங்ஸ்டன். இன்றும் நம் பட்டறையில் துளைபோடும் பிட்டுகளில் பாதிக்குமேல் இந்தக் குடும்பம்தான்.

தமிழ் படித்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் ஆற்றங்கரையில் நடந்த அகழாய்வில் எஃகு உருக்கியதற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்று அழைத்த தென்னிந்திய எஃகின் பெயரே நம் உருக்கு, கன்னடத்தின் உக்கு போன்ற சொல்லிலிருந்து வந்தது என்பர். 1819 முதல் சில ஆண்டுகள் மைக்கேல் ஃபாரடே லண்டனில் அதன் இரகசியத்தைத் தேடி ஆய்வு செய்தார். பெருமைக்கு இது போதும். பட்டறைக்கு தகடு வேண்டும்.

20 கிலோ கணக்கு

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிளாஸ்டிக் பை தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை 500 கத்தி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 200 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம், 0.5 மி.மீ. தடிமன். நீளவாக்கில் அடுக்கினால் 100 மீட்டர் தகடு. எஃகின் எடை கன மீட்டருக்கு 7,850 கிலோ. கணக்கு போட்டால் வருவது 19.6 கிலோ. ஒரு பெரிய அரிசி மூட்டைகூட இல்லை.

ஆலை விற்பதோ சுருள் கணக்கில். ஒரு சுருளே நூற்றுக்கணக்கான கிலோவிலிருந்து டன் வரை. 20 கிலோவுக்காக யாரும் உலையைத் தனியாகப் பற்ற வைக்க மாட்டார்கள். சிறிய பட்டறைகள் இந்தத் தொழிலில் நுழைய முடியாமல் திரும்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விலையைக் கேட்டு அல்ல, குறைந்தபட்ச அளவைக் கேட்டு.

வழி இல்லாமல் இல்லை. ஷா ஆலாம், பினாங்கு பக்கம் உள்ள எஃகு விநியோகக் கிடங்குகள் பெரிய சுருளை வாங்கி, வேண்டிய அகலத்துக்குக் கிழித்து விற்கின்றன. பெரிய வாடிக்கையாளருக்குக் கிழித்த பின் ஓரத்தில் மிஞ்சும் துண்டுச் சுருள் அவர்களிடம் கிடக்கும். அது அவர்களுக்குத் தொல்லை, நமக்கு வாழ்வு. ஆகவே "0.5 மி.மீ., 50 அகலம்" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று பதில் வரும். "0.45 முதல் 0.55 வரை எது இருக்கிறது, 50-க்கு மேல் எந்த அகலம் இருக்கிறது?" என்று கேட்டால் கிடங்கில் போய்ப் பார்ப்பார்கள். அதற்கு முன், தொழிற்சாலையின் கத்திப் பிடிப்பான் எந்தத் தடிமன் வரை ஏற்கும் என்று அளந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பட்டறைகள் சேர்ந்து ஒரு சுருள் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதும் நடக்கிற காரியம்தான். நம்மவர்களிடையே அது ஏன் அரிதாக இருக்கிறது என்பது வேறு கட்டுரைக்கான விஷயம்.

அடுத்த கேள்வி: மென்மையான தகடா, முன்பே கடினப்படுத்திய தகடா?

மென்மையான தகடு மலிவு. துளை குத்தலாம், வளைக்கலாம். ஆனால் பிறகு வெப்பப் பதம் செய்யும் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். அப்பளக் கதை அங்கே தொடங்கும். வெற்றிட உலையும், இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்திக் குளிர்விக்கும் வசதியும் உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். முதலில் பத்துக் கத்தியை மட்டும் கொடுத்து, நெளிவை அளந்த பிறகு மீதியைக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

கடினப்படுத்திய தகட்டை ஆலையே நீண்ட உலையில் இழுத்துத் தட்டையாகத் தருகிறது. விலை கூடுதல், ஆனால் நெளிவுப் பயம் இல்லை. அதில் சாதாரண பிட்டால் துளை போட முடியாது. லேசரிலோ கம்பி வெட்டு இயந்திரத்திலோ வெட்ட வேண்டும். பிறகு முனை தீட்டுவது மட்டும் வேலை. முதல் ஆர்டர் எடுக்கும் பட்டறைக்கு நான் இதைத்தான் சொல்வேன். கூடுதலாகக் கொடுக்கும் பணம், வீணாகும் தகட்டை விடக் குறைவு.

தீட்டும்போது கைவிடக் கூடாதது தண்ணீர். கிரைண்டரில் தண்ணீர் இல்லாமல் அழுத்தினால் முனை முதலில் வைக்கோல் நிறமாகும். சுமார் 300 டிகிரியில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். பால்வெட்டும் கத்தியைத் தண்ணீர் தெளித்த கல்லில் மட்டுமே தீட்டிய பழைய கைகளுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. மின்சார கிரைண்டர் வந்த பிறகுதான் "இப்ப வர்ற கத்தி சரியில்லை" என்ற பேச்சும் கூடியது. கத்தி மட்டுமே குற்றவாளி என்று எனக்குத் தோன்றவில்லை.

காகிதத்தையும் வாங்குங்கள்

தகட்டோடு ஆலைச் சான்றிதழ் கேட்பதை விற்பவர்கள் விரும்பாமல் போகலாம். கேட்கத்தான் வேண்டும். ஐரோப்பியத் தரநூல் இஎன் 10204-இன் 3.1 வகைச் சான்றிதழில், அந்தக் குறிப்பிட்ட வார்ப்பைச் சோதித்துப் பார்த்த கரிமம், குரோமியம் அளவுகள் எண்ணாக இருக்கும். 2.1 வகை என்பது "கேட்டபடி கொடுத்தோம்" என்ற ஒரு வரி உறுதிமொழி மட்டும். இரண்டையும் 'சர்ட்டிபிகேட்' என்றே சொல்வார்கள். சான்றிதழில் உள்ள வார்ப்பு எண், சுருளில் தொங்கும் அட்டையில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். வேறு சுருளின் நகலை இணைத்துக் கொடுப்பது கேள்விப்படாத காரியம் அல்ல.

பழைய இரும்புக் கடைகளில் துப்பாக்கிபோல் ஒரு கருவியை வைத்து உலோகத்தைச் சோதித்துக் காட்டுவார்கள். எக்ஸ் கதிரில் இயங்கும் அந்தக் கருவி குரோமியம், மாங்கனீசு, டங்ஸ்டன் எல்லாவற்றையும் சொல்லும். கரிமத்தை மட்டும் சொல்லாது. கத்திக்கு உயிரே கரிமம். அதற்குத் தீப்பொறி முறையில் இயங்கும் ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். கையில் ஒன்றுமே இல்லையென்றால் கிரைண்டரில் உரசிப் பொறியைப் பாருங்கள். கரிமம் கூடிய எளிய எஃகு மத்தாப்புபோல் வெடித்துக் கிளை பிரியும். சாதாரண இரும்பில் நீண்ட கோடு, கிளை குறைவு. டங்ஸ்டன் கலந்ததில் மங்கிய சிவப்பு. இது முடிவான சோதனை அல்ல, மோசமாக ஏமாறாமல் தப்பிக்க உதவும்.

ஒவ்வொரு சுருளிலிருந்தும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வார்ப்பு எண்ணையும் வாங்கிய தேதியையும் பொறித்து, மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து "கத்தி ஒரே வாரத்தில் மழுங்கிவிட்டது" என்று அழைப்பு வந்தால், எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்க அந்தத் துண்டு கையில் இருக்கும்.